வலது காலுக்கு நான்கெல்லை

பத்திரம் எழுதுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் நான்கெல்லை சொல்லத் தோன்றும். என் வலது பாதத்துக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். வடக்குப் பார்த்து நின்றால் மேற்கே கட்டைவிரல், கிழக்கே சுண்டுவிரல், வடக்கே விரல் நுனிகள், தெற்கே குதிகால். இந்த நான்கெல்லைக்குள் அடங்கிய இடத்தில் எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை. முள் குத்தினாலும் தெரியாது, வெந்நீர் ஊற்றினாலும் தெரியாது. இடது கால் கொஞ்சம் பரவாயில்லை. அதில் பாதி இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது.

கீரனூரில் பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பத்திரம் எழுதுவதுதான் என் பிழைப்பு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்க வருவார்கள். வரும்போது ஒரே வண்டியில் வருவார்கள். வேப்பமரம் யார் பக்கம் என்று பேச்சு ஆரம்பித்ததும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். "ஒனக்குச் சூடு சொரண இருந்தா இனிமே அந்தக் கேணித் தண்ணியத் தொடுவியாடா?" என்று ஒருவன் கேட்பான். மற்றவன் அடிக்கப் பாய்வான். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர்கள் ஓயும்வரை டீ குடிப்பேன். தொழிலுக்கு வந்த புதிதில் இதெல்லாம் மனதில் பட்டது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்காது. பிறகு பழகிவிட்டது. என் அப்பா இறந்த அன்று துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். "ஆளு சரியான கல்லு" என்று பங்காளிகள் என் காதுபடவே பேசினார்கள். அதுவும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகிறது. மாத்திரையை நினைத்தால் போடுவேன், நினைக்காவிட்டால் விட்டுவிடுவேன். ஒருநாள் சாயங்காலம் கொட்டகையைப் பூட்டிவிட்டு நடந்துகொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் பின்னால் ஓடி வந்தார்.

"அண்ணே, ஒங்க செருப்பு இங்கிட்டுக் கெடக்கு, நீங்கபாட்டுக்கு அங்கிட்டுப் போறீங்க!"

குனிந்து பார்த்தேன். வலது கால் வெறும் காலாக இருந்தது. கருங்கல் சல்லி கொட்டிய பாதையில் நூறடிக்கு மேல் அப்படியே நடந்திருக்கிறேன். டீக்கடையில் நடந்தது வீட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாளே என் மனைவி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு என்னைப் புதுக்கோட்டைக்கு ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவள் நடுநிலைப்பள்ளி டீச்சர். இழுத்துக்கொண்டு போவதில் அனுபவம் உண்டு.

உள்ளே ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் என்று அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மா தூண்டில் நரம்பு போல ஓர் இழையைக் கையில் எடுத்தார். "கண்ண மூடிக்கங்க. கால்ல நான் தொடுறப்பல்லாம் 'தெரியுது'ன்னு சொல்லுங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டேன். வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது. மின்விசிறி கடகடத்தது. நெடுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எப்ப ஆரம்பிப்பீங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சுங்க" என்றார்.

பிறகு வரிசையாகச் சொன்னார். வெறும் காலோடு எங்கும் நடக்கக் கூடாது. தினமும் சாயங்காலம் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். புண் வந்து கவனிக்காமல் விட்டால் காலை எடுக்கும்படி ஆகிவிடும். கடைசியாக, "வண்டி ஏதும் ஓட்டுறீங்களா? பிரேக்க மிதிக்கிறது கால்ல தெரியலைன்னா ரொம்ப ஆபத்து" என்றார்.

"எங்க போனாலும் பஸ்ஸுதான் டாக்டர்" என்றேன்.

வெளியே வந்து மனைவியிடம், "லேசா மரத்திருக்காம். மாத்திரையில சரியாயிருமாம்" என்றேன். உள்ளதைச் சொன்னால் கார் சாவி போய்விடும், சொல்லாவிட்டால் கால் போய்விடும் என்பது அப்போதே நன்றாகத் தெரிந்தது. சாவியை வைத்துக்கொண்டேன்.

அந்தக் கார் என்னிடம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருந்த ஒருவர் அப்பா வீட்டை விற்க வந்திருந்தார். பத்திரம் எழுதுவதற்காக இடத்தைப் பார்க்கப் போனேன். அந்த வீட்டுக் கொட்டகையில் சிவப்பு நிறத்தில் ஒரு கார் நின்றது. இரண்டே இருக்கை, நாய்க்குட்டி மாதிரி தரையோடு ஒட்டிய உயரம், உள்ளே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எப்போதோ கொஞ்ச காலம் மட்டும் செய்து நிறுத்திவிட்ட ஸ்போர்ட்ஸ் கார் என்றார். "இதையும் யாராச்சும் எடுத்துக்கிட்டா நிம்மதியாப் போயிருவேன்" என்றார். நான் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று மனைவி கேட்டாள், பங்காளிகள் கேட்டார்கள், பதிவு ஆபீஸ் பியூன்கூடக் கேட்டார். யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

திருச்சி ரோட்டில் டிராக்டரும் லோடு ஆட்டோவும் பார்க்கிற ஒரு மெக்கானிக் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். அவர்தான் மாதக்கணக்கில் உட்கார்ந்து அதை ஓட வைத்தார். இன்ஜின் முதன்முதலாகப் பிடித்த அன்று என் நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. எத்தனையோ வருடமாக அசையாமல் கிடந்த ஒன்று. ஐம்பத்து மூன்று வயதில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சந்தோஷமாக இருந்தேன்.

அன்றே பூஜை போட்டோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, மெக்கானிக் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். நானும் கழற்றிவிட்டு ஏறினேன். அன்றைக்கு ஏற்பட்ட பழக்கம், அந்தக் காருக்குள் செருப்போடு யாரும் கால் வைப்பதில்லை. நான் பலமுறை கடைவீதியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, அதை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். "அண்ணன் சாமி வண்டியில கெளம்பிட்டாரு" என்று கிண்டல் செய்வார்கள். டாக்டரம்மா வெறும் கால் கூடாது என்றதற்கும் எனக்குள் ஒரு வாதம் தயாராக இருந்தது. அவர் நடக்கக் கூடாது என்றுதானே சொன்னார், ஓட்டக் கூடாது என்றா சொன்னார்? கொட்டகையில் இப்படி வாதம் பேசி வருகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவரும் தேறியதில்லை.

உண்மையில் நான் காரைக் காதால்தான் ஓட்டினேன். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறேன் என்று பாதம் சொல்லாது, இன்ஜின் சத்தம் சொல்லும். பிரேக்கைக் கெண்டைக்காலின் இறுக்கத்தை வைத்துக் கணக்கிடுவேன். ஆனால் அந்தக் காரின் பழைய சைலன்சர் ரொம்பச் சாது. வயலில் தண்ணீர் பாய்கிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான். கால் மரக்க மரக்க எனக்குச் சத்தம் அதிகம் தேவைப்பட்டது. அப்படித்தான் ஹெட்டர் போடலாம் என்ற யோசனை வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணமாக இன்ஜினின் நாலு சிலிண்டர் புகையும் கனமான வார்ப்பிரும்புப் பெட்டி ஒன்றில் வந்து விழும், அங்கே இடித்துக்கொண்டு ஒரே வாசலில் வெளியேறும். ஹெட்டர் என்பது கிட்டத்தட்டப் பாகப்பிரிவினை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய், எல்லாம் ஒரே நீளம், சண்டையில்லாமல் கொஞ்ச தூரம் போய்ப் பொதுப்பாதையில் சேர வேண்டும். புகை தடையில்லாமல் போகும். இன்ஜின் மூச்சு விடும், சத்தமும் கூடும். கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்குக் குழாய் வளைக்கிற ஒருவரைப் பிடித்து அளவு கொடுத்துச் செய்யச் சொன்னேன்.

அனுப்பும்போது அவர் போனில் சொன்னார்: "குழாய் மெலிசுங்க. பழைய இரும்பு மாதிரி சூட்ட உள்ளயே வச்சுக்காது, வெளிய வீசும். உங்க வண்டியில டிரைவர் காலுக்கு நேர் கீழதான் குழாய் போகுது. ஓட்டிப் பாத்துட்டுத் தரை சுட்டா எனக்குச் சொல்லுங்க, வழி சொல்றேன்."

சரி என்றேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

பார்சலைப் பிரித்ததும் மெக்கானிக் அசந்துபோனார். "என்னண்ணே, இடியாப்பம் மாதிரி இருக்கு!" என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மாட்டுவதற்கு இரண்டு நாள் ஆனது. பழைய பெட்டியின் நட்டுகள் துருப்பிடித்து இன்ஜினோடு ஒன்றாகியிருந்தன. முதல் நாள் முழுக்க எண்ணெய் விட்டு ஊற வைத்தார். அப்படியும் ஒன்று தலை முறிந்தது. முறிந்த தண்டின் மேல் வேறொரு நட்டை வெல்டு வைத்து, அந்தச் சூட்டிலேயே திருகி எடுத்தார். பெட்டியின் மேல் கம்பெனியில் போட்ட தகரக் கவசம் ஒன்று இருந்தது, சூடு மேலே வராமல் தடுக்க. புதுக் குழாய்க்கு அதன் ஓட்டைகள் சேரவில்லை. "இது இனிமே எதுக்குண்ணே?" என்று தூக்கி ஓரமாகப் போட்டார். நானும் அது எங்கே போனது என்று பார்க்கவில்லை.

குழாய்களில் சுற்ற சூடு தாங்கும் நாடா வந்திருந்தது. அதை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, காயத்துக்குக் கட்டுப் போடுகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறச் சுற்றி, கம்பிப் பட்டையால் இறுக்கினோம். புது கேஸ்கட் வைத்து, நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் மாறி மாறி முடுக்கினார். ஸ்டார்ட் செய்ததும் நாடாவிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. ஈரம் காய்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார். புகைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. விலா எலும்பில் தெரிந்தது. ஆக்சிலேட்டரை அரை விரல் மிதித்தால் அரை விரலுக்கு ஒரு சத்தம், ஒரு விரலுக்கு இன்னொரு சத்தம். நான் வாய்விட்டுச் சிரித்தேனாம். "நீங்க சிரிச்சு இப்பத்தாண்ணே பாக்குறேன்" என்றார் மெக்கானிக்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கொடும்பாளூர் வரை போனேன். மூவர் கோயில் புல்தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து சாவியைத் திருகினால் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. திருகத் திருக டிக், டிக். மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அவர் பைக்கில் வந்து பானட்டைத் திறந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, விரலை நனைத்து ஒவ்வோர் இடமாகத் தெளித்துப் பார்த்தார், தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது போல. நாடா சுற்றிய குழாயில் லேசான சத்தம். பக்கத்திலிருந்த ஸ்டார்ட்டர் மோட்டாரில் சுரீரென்றது. குழாய்ச் சூட்டில் மோட்டார் சுருண்டுவிட்டது, ஆறினால் எடுக்கும் என்றார். உள்ளே பார்க்கலாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினார். ஏறிய வேகத்தில் கீழே குதித்தார்.

"யாத்தே! அண்ணே, தரை இந்தக் கொதி கொதிக்குது, எப்படி மிதிச்சுக்கிட்டு வந்தீங்க?"

எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக் காலையில் டீக்கடைக்குத் தெரியும், மத்தியானம் மனைவிக்குத் தெரியும். "சுடத்தான் செஞ்சுச்சு. தாங்குற அளவுதான்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பெரிய மனுஷன், பத்திரம் எழுதுகிறவர், பொய்யா சொல்வார் என்று நினைத்திருப்பார்.

ஊருக்கு வந்ததும் ஸ்டார்ட்டருக்கு நாடா சுற்றினார். தரைக்கு, பாத்திரக் கடையில் ஓர் அலுமினியத் தகடு வாங்கி வெட்டி, காருக்கு அடியில் தரையோடு தரையாக ஒட்டி ரிவெட் அடித்தார். என்னைக் குளத்தூர் வரை ஓட்டிவிட்டு வரச் சொன்னார். வந்தேன்.

"இப்ப எப்படிண்ணே இருக்கு?"

"இப்ப நல்லாருக்கு."

அவர் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இன்னும் சுடுற மாதிரியே இருக்கேண்ணே. வேணும்னா தகட்ட எறக்கி..."

"மிதிக்கிறவன் நான் சொல்றேன்ல" என்று குரலை உயர்த்தினேன். எனக்குக் கோபம் எளிதில் வரும். மரத்துப்போகாமல் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். "சரிண்ணே, மிதிக்கிறவரு நீங்க" என்று விட்டுவிட்டார். கோயம்புத்தூர்க்காரர் போனில் கேட்டபோதும், தரை ஜில்லென்று இருக்கிறது என்றேன். அந்த வேலை முழுவதற்கும் வெப்பமானியாக இருந்தது என் வலது கால்தான்.

அடுத்த மாதம் அன்னவாசலில் என் மனைவியின் அக்கா வீட்டில் ஒரு காதுகுத்து. அந்தக் காரில் ஏற மாட்டேன் என்று அதுவரை அவள் வீம்பாக இருந்தாள். அன்று முகூர்த்த நாள், பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, பட்டுப்புடவை வேறு. "ஓட்டுங்க, மெதுவாப் போங்க" என்று செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஏறினாள். அவள் முன்னால் நன்றாக ஓட்ட வேண்டும் என்று இருந்தது. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நார்த்தாமலைப் பக்கம் திரும்பியதும் ஆள் இல்லாத ரோடு, கொஞ்சம் விரட்டினேன்.

"ஏங்க, கீழ சுடுதுங்க" என்று காலைத் தூக்கி இருக்கையில் மடக்கிக்கொண்டாள்.

"வெயிலு."

"ஒங்களுக்குச் சுடலையா?"

"எனக்குப் பழகிருச்சு."

கொஞ்ச தூரம் போய், "ஏதோ பொசுங்குற நாத்தம் வருதுங்க" என்றாள். புது நாடா அப்படித்தான் இருக்கும் என்றேன்.

பந்தலில் நல்ல கூட்டம். காது குத்தி முடித்து முதல் பந்தியில் என்னை உட்கார வைத்தார்கள். பாய் விரித்துத் தரையில் பந்தி. சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், வலது பாதம் மேலே பார்த்துத் திரும்பியிருந்தது. என் மனைவி வடைத் தட்டோடு பரிமாறிக்கொண்டே வந்தாள். என் இலைக்கு முன்னால் வந்ததும் நின்றாள். வடை வைக்கவில்லை.

"ஏங்க, கால்ல என்ன?"

குனிந்து பார்த்தேன். குதிகால் முழுவதும் வெளுத்து, தோல் பாலாடை மாதிரி எழும்பி ஒரு பக்கம் கிழிந்திருந்தது. நீர் வடிந்து வேட்டி நனைந்திருந்தது. யாருடைய காலையோ பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன். இதற்கு டெட்டால் போதுமா என்று யோசித்தது நினைவிருக்கிறது.

அவள் கத்தினாள். பந்தல் முழுக்கக் கேட்டது. "இப்படி வெந்து போயிருக்கு, குத்துக்கல்லு மாதிரி உக்காந்து சாப்புடுறீங்க! ஒங்களுக்குச் சூடு சொரணையே இல்லையா?"

பந்தியில் எல்லோரும் திரும்பினார்கள். என் கொட்டகையில் நூறு தடவை கேட்ட கேள்வி அது. கேட்கப்பட்டவர்கள் அடிக்கப் பாய்ந்திருக்கிறார்கள், மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள், ஒரு ஆள் அழுதிருக்கிறார். யாரும் நேராகப் பதில் சொல்லிக் கேட்டதில்லை.

"இல்ல" என்றேன்.

பக்கத்து இலைக்காரர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் இலைக்கு எதிரில் அப்படியே உட்கார்ந்தாள். ரொம்ப மெதுவான குரலில், "எப்பலேர்ந்து?" என்று கேட்டாள்.

புதுக்கோட்டைக்கு அக்கா வீட்டுக்காரர் தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். அதே டாக்டரம்மா. இந்த முறை மனைவியை உள்ளேயே கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். வெந்த தோலை வெட்டி எடுக்கும்போது ஊசி தேவைப்படவில்லை. நான் சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் மனைவி முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். "எலும்பு வரைக்கும் போகல. ஆழமாப் போயிருந்தா கணுக்கால் வரைக்கும் எடுக்க வேண்டியதா இருந்திருக்கும்" என்றார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "பஸ்ஸுலதான் போறேன்னு சொன்னீங்களே?" என்றார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வந்ததும் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். அதைப் பள்ளிக்கூடப் பையில், சாக்பீஸ் டப்பாவோடு போட்டுக்கொண்டாள். குதிகாலிலும் கட்டைவிரலிலும் அந்த இழை படுவது தெரிகிறவரை எந்தப் பெடலையும் மிதிக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் சிலருக்குக் கொஞ்சம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

அன்னவாசலில் நின்ற காரை மறுநாள் அக்கா வீட்டுக்காரர் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். மெக்கானிக்கும் அன்றே வந்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீங்க சொன்னத நம்பித்தானண்ணே நான் தகட்ட ஒட்டி அடிச்சேன்! சுடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு விரக்கடை எறக்கி, நடுவுல காத்துப் போற மாதிரி பண்ணியிருக்க மாட்டேனா? ஒங்க கால நானே அடுப்புல வச்ச மாதிரில்ல ஆக்கிட்டீங்க!"

அவர் அழுகிற மாதிரி இருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு ஒன்று நன்றாகத் தெரிந்தது, அது இந்த அவமானமாகப் போய்விட்டது.

நாலு நாள் அவர் வரவில்லை. பிறகு கரி பிடித்த தகரம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கம்பெனியில் போட்டிருந்த பழைய கவசம். ஓரமாகக் கிடந்ததை டீக்கடைக்காரர் எடுத்துப்போய், அடுப்பைக் காற்று அணைக்காமல் இருக்கச் சுற்றி வைத்திருந்தாராம். என் செருப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்த அதே டீக்கடைக்காரர். அதை வெட்டி, புது ஓட்டை போட்டு, குழாய்க்கும் தரைக்கும் நடுவில் மாட்டினார். அலுமினியத் தகட்டைப் பிரித்து, வாஷர் அடுக்கி ஒரு விரக்கடை இறக்கினார். சரியாக இருக்கிறதா என்று பார்க்க உள்ளே ஓர் ஆள் காலை வைத்து உட்கார வேண்டும். என்னை அவர் கேட்கவில்லை.

"நான் உக்காருறேன்" என்றாள் என் மனைவி.

செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டாள். மெக்கானிக் இன்ஜினை ஓட விட்டு வெளியே நின்றார். நான் காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "ஒண்ணும் தெரியல... இப்ப வெதுவெதுன்னு இருக்கு... குதிகாலுகிட்ட கொஞ்சம் சுடுது, பெருவிரல்கிட்ட இல்ல..." அவர் நிறுத்தி, குதிகால் பக்கம் இன்னொரு வாஷர் வைத்தார். மறுபடி ஓட விட்டார். ஒரு மத்தியானம் முழுக்க இப்படிப் போயிற்று. அத்தனை நேரமும் அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தரையில் இவ்வளவு விதமான சூடு இருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

கடைசியில், "இப்பச் சரியா இருக்கு" என்றாள். மெக்கானிக் அவள் சொன்னதற்கு மறுபேச்சு பேசவில்லை.

புண் ஆறக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆனது. தினமும் சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கட்டுப் பிரித்துத் துடைத்துக் கட்டுவாள். கட்டி முடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கேயோ போவாள், ஒரு மணி நேரம் கழித்து வருவாள். கடைக்கு என்று நினைத்தேன். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பேச்சு அந்த அளவில்தான் இருந்தது. டாக்டரம்மா கொடுத்த இழை ஒன்று அவளிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை வைத்துச் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்காருவேன். அவள் தரையில் உட்கார்ந்து என் பாதத்தை மடியில் வைத்துக்கொள்வாள். மடியில் இருப்பது கெண்டைக்காலுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வாரமும் காக்கைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "முடிஞ்சிருச்சு" என்பாள்.

கட்டை முழுதாக அவிழ்த்த பிறகு வந்த ஞாயிறு. வீட்டுக் கொட்டகையில் கார் துணி போர்த்தி நின்றது. புதுத் தோல் வந்துவிட்டது, சர்க்கரையும் இறங்கியிருந்தது, மாத்திரை ஒன்றுகூடத் தவறவில்லை. இந்த வாரம் தெரியத்தான் செய்யும் என்று எனக்குப் பட்டது. கண்ணை மூடினேன். அவள் மடியில் காலை எடுத்து வைத்தது தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். குதிகாலில் ஏதோ லேசாகப் பட்ட மாதிரி இருந்தது. பட்டதா? பட்டது.

"தெரியுது" என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "கட்டைவிரல்லயும் தெரியுது."

காக்கைகூட அப்போது கத்தவில்லை.

"நான் இன்னும் தொடவே இல்லீங்க" என்றாள்.

கண்ணைத் திறந்தேன். இழை அவள் கையில்தான் இருந்தது, என் காலுக்கு ஒரு சாண் தள்ளி. அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது. இத்தனை நாளாக எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. அவள் முன்னால் அழுதேன், சத்தம் போட்டே அழுதேன். அவள் என் காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

நான் ஓய்ந்ததும் எழுந்து உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையை எடுத்து வந்தாள். சாக்பீஸ் டப்பாவுக்கு அடியிலிருந்து சாவியை எடுத்தாள். கூடவே ஒரு புது டிரைவிங் லைசென்சும் வந்தது. கீரனூரில் டிரைவிங் ஸ்கூலுக்கு அத்தனை நாளும் சாயங்காலத்தில் போய் வந்திருக்கிறாள். துணியை உருவி மடித்து வைத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். இன்ஜின் பிடித்தது. அந்தச் சத்தம் விலா எலும்பில் தெரிந்தது.

நான் இடது பக்கக் கதவைத் திறந்தேன். பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் போனேன்.

"செருப்போட ஏறுங்க" என்றாள்.

ஏறினேன்.